நடந்துகொண்டே போன் பார்த்தால் நடை எப்படி மாறுகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடையும் போனும் பற்றிப் பேச்சு வந்தாலே அதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் பதிலைத் தொகுத்திருக்கிறோம். முதலிலிருந்து படித்தால் பின்னால் வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

நடக்கிறது ஒரு வயசுலேர்ந்து செய்யிற வேலை. அதுக்குப் போய் மூளை எதுக்கு?

கால்களை மாற்றி மாற்றி வைக்கும் தாளம் பெரும்பாலும் தண்டுவடத்திலேயே உருவாகிறது. அந்த அளவுக்கு நடை தானாகத்தான் ஓடுகிறது. ஆனால் தாளம் மட்டும் நடை ஆகாது. தரை எங்கே மேடு, எங்கே ஈரம், எதிரே வருபவர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறார், அடுத்த அடியை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு அடியையும் சூழலுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் திருத்தத்துக்குக் கண், உள்காது, பாதத்தின் தொடு உணர்வு, மூளையின் முன்பகுதி எல்லாமே வேண்டும்.

இன்னொரு விஷயம். சாதாரண நடையில் சுமார் 80 சதவீத நேரம் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். இரண்டு பாதமும் சேர்ந்து தரையில் இருப்பது மீதி 20 சதவீதம்தான். காற்றில் முன்னே வரும் பாதத்தின் நுனிக்கும் தரைக்கும் நடுவே, மிகக் குறைந்த கட்டத்தில், 1 முதல் 2 சென்டிமீட்டர்தான் இடைவெளி இருக்கும். பாதம் மிக வேகமாக நகர்வதும் ஏறக்குறைய அதே கணத்தில்தான். இவ்வளவு நுணுக்கமான கணக்கு தினமும் ஆயிரக்கணக்கான முறை சரியாக வந்துவிடுவதால்தான் அது வேலையாகவே நமக்குத் தெரிவதில்லை.

சரி, போன் பார்த்தா அதுல சரியா என்னென்ன மாறுது?

வேகம் குறைகிறது. அடியின் நீளம் சுருங்குகிறது. இரண்டு காலும் தரையில் இருக்கும் நேரம் கூடுகிறது. கை வீச்சு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. தலை குனிந்து, உடம்போடு பூட்டிவிட்டது போல ஆகிறது. நேர்கோட்டில் போகும் பாதை பக்கவாட்டில் அலைகிறது. இதற்கெல்லாம் மேலே, ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள ஒழுங்கு கெடுகிறது. சராசரி வேகத்தைவிட இந்த ஒழுங்கின்மையைத்தான் நடையை ஆராய்பவர்கள் கவலையோடு பார்ப்பார்கள்.

2012-ல் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் 33 இளம் வயதினரை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு இலக்கைக் காட்டிவிட்டு, அதையும் தரையையும் பார்வையிலிருந்து மறைத்து, நினைவை வைத்து அந்த இலக்குக்கு நடக்கச் சொன்னார்கள். போனில் பேசிக்கொண்டே நடந்தவர்களின் வேகம் 16 சதவீதம் குறைந்தது. மெசேஜ் டைப் செய்துகொண்டே நடந்தவர்களின் வேகம் 33 சதவீதம் குறைந்தது. டைப் செய்தவர்கள் பக்கவாட்டில் விலகியது 61 சதவீதம் கூடியது. அவர்கள் நடந்த மொத்தத் தூரமும் 13 சதவீதம் அதிகமானது.

வேகம் குறைஞ்சா நல்லதுதானே? நிதானமா போறோம்னுதானே அர்த்தம்?

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். வேகத்தைக் குறைப்பது உடம்பு தானாக எடுத்துக்கொள்ளும் தற்காப்பு. கவனம் வேறெங்கோ போய்விட்டது, அதனால் ஆபத்தைக் குறைக்கலாம் என்று அடியைச் சுருக்கி, இரண்டு காலையும் கொஞ்சம் கூடுதல் நேரம் தரையில் வைக்கிறது. வழுக்கும் தரையிலும் இருட்டிலும் நாம் செய்வதும் இதுவேதான். அப்படியானால் போன் பார்க்கும்போது நம் உடம்பு, பகலில் சமதரையில் போனாலும், இருட்டில் போவது போலத்தான் போகிறது. மெதுவான அந்த நடையைப் பாதுகாப்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏதோ குறைகிறது என்பதன் அடையாளம் அது.

அந்தத் தற்காப்பும் எல்லா இடத்திலும் உதவாது. 7 மீட்டர் அகலமுள்ள சாலையை நொடிக்கு 1.3 மீட்டர் வேகத்தில் கடக்க 5.4 நொடி ஆகும். வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் 8 நொடி ஆகும். கூடுதலான அந்த 2.6 நொடிக்குள் 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 29 மீட்டர் முன்னே வந்துவிடும். நடுச்சாலையில் நிதானம் என்றால், ஆபத்தான இடத்தில் கூடுதல் நேரம் நிற்பது என்றுதான் பொருள்.

"ரோபோ மாதிரி நடக்கிறாங்க"ன்னு சொல்றாங்களே, அது உண்மையா?

வர்ணனை என்று நினைக்க வேண்டாம், அளந்து பார்த்த விஷயம் அது. சாதாரணமாக நடக்கும்போது உடம்பு இடமும் வலமும் மேலும் கீழுமாக ஆடும். ஆனால் கழுத்து அந்த ஆட்டத்துக்கு எதிர்த்திசையில் சின்னச் சின்ன அசைவுகள் செய்து தலையை ஓரளவு நிலையாக வைத்திருக்கும். தலைக்குள்தான் கண்ணும் உள்காதும் இருக்கின்றன. சமநிலைக் கருவி இருக்கும் மேடை ஆடாமல் இருக்க உடம்பு செய்துவைத்திருக்கும் ஏற்பாடு அது.

போன் வந்ததும் முன்னுரிமை மாறிவிடுகிறது. எழுத்தைப் படிக்க வேண்டுமானால் திரையும் கண்ணும் ஒன்றுக்கொன்று அசையாமல் இருக்க வேண்டும். போனைப் பிடித்த கை உடம்போடு ஒட்டியிருப்பதால், தலையும் உடம்போடு சேர்ந்து இறுகிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 26 பேரை சுமார் 8.5 மீட்டர் நேர்கோட்டில் நடக்க வைத்து, 2014-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் கண்டார்கள். கழுத்து இறுகியதால் உடம்பின் பக்கவாட்டு ஆட்டம் தலைக்கும் போய்ச் சேர்ந்தது. எழுத்து நிலையாகத் தெரிகிறது, ஆனால் உலகத்தோடு ஒப்பிட்டால் தலை அதிகமாக ஆடுகிறது.

கை வீசாம நடந்தா என்ன குடிமுழுகிப் போகுது?

வலது கால் முன்னே போகும்போது இடுப்பு ஒரு பக்கம் திரும்பும். இடது கை முன்னே வந்து அந்தத் திருகலைச் சமன் செய்யும். கையை உடம்போடு கட்டிவைத்து நடந்தால், அந்த வேலை கால்களின் தலையில் விழுகிறது. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், கைகளை வீசாமல் நிறுத்தி நடந்தால் உடம்பு செலவழிக்கும் ஆற்றல் சுமார் 12 சதவீதம் கூடுவதாகக் கண்டார்கள். கொஞ்ச தூரத்துக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் இடறும்போது முதலில் உதவிக்கு வர வேண்டியதும் கைதான். அது எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதைக் கீழே இடறல் பற்றிய பதிலில் பார்க்கலாம்.

நான் ஓரக்கண்ணால தரையைப் பார்த்துக்கிட்டேதான் போறேன். போதாதா?

போதாது, மூன்று காரணங்களால். முதலாவது, நடக்கும்போது கண் பாதத்தைப் பார்ப்பதில்லை. சுமார் இரண்டு காலடி தூரம் முன்னால் பார்த்து, அந்தத் தகவலை வைத்துத்தான் மூளை பாதத்துக்கு இடம் ஒதுக்குகிறது. போனின் விளிம்பைத் தாண்டித் தெரியும் தரையை வைத்து முடிவெடுப்பதற்குள் கால் பாதி வழி வந்திருக்கும். இரண்டாவது, போனும் இரண்டு கைகளும் சேர்ந்து பார்வையின் கீழ்ப்பகுதியில் ஒரு பெரிய துண்டை மறைத்துவிடுகின்றன. குனிந்து பார்த்தால் எது மறைகிறதோ, அதில்தான் அடுத்த அடி விழப்போகிறது. மூன்றாவது, கண் 30, 40 சென்டிமீட்டரில் இருக்கும் எழுத்தில் குவிந்திருக்கும்போது அதற்கு அப்பால் இருக்கும் தரை மங்கலாகத்தான் தெரியும். சாம்பல் நிறத் தரையில் சாம்பல் நிற விளிம்பு இருந்தால் அது தரையோடு தரையாகக் கலந்துவிடும்.

2017-ல் இங்கிலாந்தின் ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 21 பேருக்குக் கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவியை மாட்டி, தரையில் வைத்த தடைகளைத் தாண்ட வைத்தார்கள். போன் கையில் இருந்தபோது தடையைப் பார்த்த தடவைகள் 61 சதவீதம் வரை குறைந்தன. தடை எங்கே இருக்கிறது என்பது சரியாகத் தெரியாததால், முதல் காலை வழக்கத்தைவிட 18 சதவீதம் உயரமாகவும் 40 சதவீதம் மெதுவாகவும் தூக்கினார்கள். இருக்கிறது என்று தெரிந்த தடைக்கு இந்த உத்தி சரிவரும். எதிர்பாராமல் கிடக்கும் கல்லுக்குக் காலை உயர்த்த யாருக்கும் தோன்றாது.

அப்போ போனை முகத்துக்கு நேரா உயர்த்திப் பிடிச்சுக்கிட்டா?

கழுத்துக்கு நல்லது, பாதைக்குக் கெட்டது. தலை நிமிர்வதால் தூரத்துக் காட்சி ஓரளவு கிடைக்கும். ஆனால் எதிரே வருபவர் நிற்கும் இடத்தைத்தான் போன் மறைக்கிறது. கண்ணின் குவியமும் கவனமும் திரையில்தான் இருக்கும். இதை வழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டைப் பண்றது, படிக்கிறது, பேசுறது, வீடியோ பார்க்கிறது. இதுல எது மோசம்?

டைப் செய்வது முதலிடம். அதில் கண், கட்டைவிரல், மொழி, யோசனை நான்கும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. படிப்பது அடுத்தது. கண்ணைப் பிடித்து வைக்கும் ஆனால் விரலுக்கு வேலை குறைவு. குயின்ஸ்லாந்து ஆய்விலும் இரண்டுமே நடையைக் கெடுத்தன, டைப் செய்வது கூடுதலாகக் கெடுத்தது. வீடியோவில் வேறொரு சிக்கல்: படிக்கும்போது வாக்கியம் முடிந்ததும் ஒரு நொடி நிமிரலாம், வீடியோவோ நிமிர்வதற்கு இடைவெளி தராது.

பேசும்போது கண் விடுதலையாகிறது. அதனால் நடையின் வடிவம் குறைவாகவே கெடும். கெடுவது கவனம்.

காதுல ஹெட்செட். கையும் ஃப்ரீ, கண்ணும் ஃப்ரீ. அப்புறம் என்ன பிரச்சினை?

கண் திறந்திருப்பதும் பார்ப்பதும் வேறு வேறு. அமெரிக்காவின் வெஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள், கல்லூரி வளாகத்துச் சதுக்கத்தில் ஒற்றைச் சக்கர சைக்கிளில் ஒரு கோமாளியை ஓட்டவிட்டார்கள். பளிச்சென்ற உடை, பெரிய காலணி, சிவப்பு மூக்கு. சதுக்கத்தைக் கடந்து வந்தவர்களிடம் கோமாளியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். தனியாக நடந்தவர்களில் பாதிப் பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். போனில் பேசிக்கொண்டே வந்தவர்களில் பார்த்ததாகச் சொன்னவர்கள் நான்கில் ஒருவர்தான். 2010-ல் வெளியான ஆய்வு இது.

பேச்சைத் தொடர்ந்து பிடித்துக்கொள்வது, மனதுக்குள் எதிராளியின் முகத்தையும் இடத்தையும் கற்பனை செய்துகொள்வது என்று கவனத்தில் பெரும்பங்கு அங்கே போய்விடுகிறது. கண்ணில் பட்டது கருத்தில் பதிவதில்லை. ஹெட்செட் கையை விடுவிக்கும், கவனத்தை விடுவிக்காது. குரலில் சொல்லி டைப் செய்வதும் இதே கணக்கில்தான் வரும்.

பக்கத்துல ஒருத்தர்கூட பேசிக்கிட்டு நடக்கிறதும் இதுவும் ஒண்ணுதானே?

இல்லை. அதே கோமாளி சோதனையில் இரண்டு பேராக நடந்தவர்கள்தான் அதிகம் கவனித்தார்கள், பத்தில் ஏழு பேர். பக்கத்தில் நடப்பவரும் அதே பாதையைப் பார்க்கிறார். சாலை வந்ததும் அவரும் பேச்சை நிறுத்துகிறார், பார்க்காவிட்டால் தோளைப் பிடித்து இழுக்கிறார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு நீங்கள் சாலையைக் கடப்பது தெரியாது. சரியாக அந்த இடத்தில்தான் கேள்வி கேட்பார்.

பாட்டு மட்டும் கேட்டுக்கிட்டு போகலாமா?

நடையை அது பெரிதாகக் கெடுப்பதில்லை. போவது செவி. பின்னால் வரும் வண்டியைக் கண்ணால் பார்க்க முடியாது, காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சாலையோரம் என்றால் ஒரு காதைத் திறந்து வையுங்கள். வெளிச் சத்தத்தை அடக்கும் வசதியை நிறுத்திவையுங்கள்.

கூட்டத்துல எதிரே வர்றவங்க விலகிப் போயிடுறாங்களே?

விலகுகிறார்கள், ஆனால் அதற்கு அவர்களும் விலை கொடுக்கிறார்கள். எதிரெதிராக வரும் இரண்டு கூட்டங்கள் யாரும் சொல்லாமலேயே வரிசை வரிசையாகப் பிரிந்து ஒன்றையொன்று கடந்துவிடும். இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 27 பேர் கொண்ட இரண்டு குழுக்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு குழுவில் மூன்று பேரை மட்டும் போனில் கணக்குப் போட்டுக்கொண்டே நடக்க வைத்தார்கள். அந்த மூவரும் குழுவின் முன்வரிசையில் இருந்தபோது, வரிசை உருவாவதே தாமதமானது, மொத்தக் கூட்டத்தின் வேகமும் குறைந்தது. 2021-ல் வெளியான ஆய்வு.

நடந்தது என்னவென்றால், போன் பார்க்காதவர்களும் தடுமாறினார்கள். எதிரே வருபவர் எந்தப் பக்கம் போவார் என்பதை அவருடைய பார்வை, தோள் திரும்பும் விதம் இவற்றிலிருந்துதான் ஊகிக்கிறோம். அவரும் நம்மைப் பார்த்து அதையே செய்கிறார். இருவரும் சேர்ந்து செய்யும் பேச்சில்லாத உடன்பாடு அது. ஒருவர் தலையைக் குனிந்துகொண்டால் மற்றவருக்கு ஊகிக்க எதுவும் கிடைப்பதில்லை. கடைசிக் கணத்தில் திடீரென்று பெரிதாக விலக வேண்டியிருக்கிறது.

படிக்கட்டுல மெதுவா இறங்கினா பார்க்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் "கூடாது" என்று தட்டையாகச் சொல்லும் இடங்கள் மிகக் குறைவு, இது அதில் ஒன்று. இறங்கும்போது முழு உடம்பையும் ஒரு காலின் தொடைத் தசை தாங்கிப் பிடித்து மெல்லக் கீழே இறக்க வேண்டும். படியின் விளிம்பில் பாதம் எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதில் சில சென்டிமீட்டர் தவறினாலும் பாதம் வழுக்கும். முதல் இரண்டு படியும் கடைசி இரண்டு படியும்தான் மோசம். சமதரை நடையிலிருந்து படி நடைக்கு உடம்பு மாற வேண்டிய இடம் அது. "இன்னும் ஒரு படி இருக்கிறது" என்று நினைத்துத் தரையில் ஓங்கி மிதிப்பதும், "முடிந்துவிட்டது" என்று நினைத்து வெறும் காற்றில் காலை வைப்பதும் அங்கேதான். கைப்பிடியைப் பிடிக்க ஒரு கை எப்போதும் காலியாக இருக்கட்டும். நகரும் படிக்கட்டில் ஏறும் அடிக்கும் இறங்கும் அடிக்கும் இதே விதி.

தடுக்கினா என்ன? டக்குன்னு சுதாரிச்சுக்க மாட்டோமா?

பாதம் தடுக்கியதும் உடம்பு இரண்டில் ஒன்றைச் செய்கிறது. தடுக்கியது ஆரம்பத்திலேயே என்றால் அதே காலை உயர்த்தித் தடையைத் தாண்டும். தாமதமாகத் தடுக்கினால் அந்தக் காலைச் சட்டென்று கீழே வைத்து, மறு காலை நீளமாக முன்னே வீசிப் போடும். இது நொடியின் சிறு பகுதிக்குள் நடக்கும் அனிச்சை வேலை. ஆனால் அது வெற்றி பெற, தலை நிமிர்ந்திருக்க வேண்டும், கை வீச இடம் வேண்டும், அடுத்த காலை எங்கே வைப்பது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். குனிந்த தலையின் எடை முன்பக்கம் சாய்ந்திருப்பதால், விழும் திசையில் ஏற்கெனவே ஒரு தள்ளல் இருக்கிறது.

கையைப் பொறுத்தவரை ஒன்று ஆச்சரியமானது. விழும் நிலையிலும் மனிதர்கள் கையில் இருப்பதை விடமாட்டார்கள். கையில் ஒரு பொருளோடு சமநிலை தவறும்போது, அதை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பற்றுவதற்குப் பதில் பொருளையே இறுகப் பிடிப்பதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். போன் விலை உயர்ந்தது என்பதால் இன்னும் இறுக்கம். அதனால் உள்ளங்கை ஊன்றித் தாங்க வேண்டிய வீழ்ச்சி முழங்கையிலோ முகத்திலோ போய் முடிகிறது.

குனிஞ்சு பார்த்தா கழுத்துல 27 கிலோ பாரம் ஏறுதுன்னு ஒரு படம் சுத்துதே, உண்மையா?

அந்த எண் 2014-ல் ஒரு முதுகுத்தண்டு அறுவை சிகிச்சை நிபுணர் வெளியிட்ட கணினிக் கணக்கீட்டிலிருந்து வந்தது. தலையின் எடை 4.5 முதல் 5.5 கிலோ. 15 பாகை குனிந்தால் கழுத்தில் விழும் விசை சுமார் 12 கிலோவுக்குச் சமம், 30 பாகையில் 18, 45-ல் 22, 60-ல் 27 என்று அந்தக் கணக்கு சொல்கிறது. உயிருள்ள கழுத்தில் கருவி வைத்து அளந்த எண்கள் அல்ல. ஆனால் அடிப்படை சரி: தலை முன்னே போகப் போக நெம்புகோல் நீளும், பின்கழுத்துத் தசை அதிகமாக இழுக்கும்.

பாரம் ஏறுகிறது என்பதாலேயே நோய் வருகிறது என்று சொல்லிவிட முடியாது. 2018-ல் பிரேசிலில் 18 முதல் 21 வயதுள்ள 150 பேரிடம் பார்த்தபோது, குனிந்து போன் பார்க்கும் தோரணைக்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆகவே கழுத்தை நினைத்துப் பயப்படும் அளவுக்குக் காலை நினைத்தும் பயப்படுங்கள் என்போம். நடந்துகொண்டே பார்ப்பதில் உடனடி ஆபத்து விழுவதுதான்.

நான் பல வருஷமா இப்படித்தான் நடக்கிறேன். பழகிப்போச்சு. ஒண்ணும் ஆகலையே?

பழக்கம் சிலதைச் சரிசெய்யும். பார்க்காமலே டைப் செய்யத் தெரிந்தவருக்கு விரலின் சுமை குறையும். தெரிந்த பாதையில் மேடு பள்ளம் நினைவில் இருக்கும். ஆனால் பார்வையின் கீழ்ப்பகுதியைப் போன் மறைப்பதை எந்தப் பழக்கமும் சரிசெய்யாது. நேற்று இல்லாத பள்ளத்தை நினைவில் வைத்திருக்கவும் முடியாது.

தெரிந்த பாதையில் ஆயிரம் முறை ஒன்றும் ஆகாமல் போவதால் நம்பிக்கை மட்டும்தான் வளர்கிறது, திறமை அந்த அளவுக்கு வளர்வதில்லை. போன் பார்த்துக்கொண்டே போனவருக்குத் தான் எதைத் தவறவிட்டோம் என்பதே தெரியாது. கோமாளியைப் பார்க்காதவர்களுக்கும் ஏதோ குறைகிறது என்று உணர வழியில்லை.

எனக்கு எவ்வளவு பாதிப்புன்னு நானே அளந்து பார்க்க முடியுமா?

முடியும். வண்டி வராத, படி இல்லாத, சமதரையான 14 மீட்டர் இடம் வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் 2 மீட்டர் விட்டு, நடுவில் 10 மீட்டருக்கு இரண்டு கோடு போடுங்கள். நடுவே நீளவாக்கில் ஒரு டேப் ஒட்டுங்கள். இன்னொருவர் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கட்டும், அவர் உங்களைப் பிடிக்கும் தூரத்திலேயே கூட வரட்டும். வழக்கமான வேகத்தில் மூன்று முறை நடந்து, 10 மீட்டருக்கு ஆகும் நேரத்தையும் அடிகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உட்கார்ந்த நிலையில் ஒரு நிமிடம் ஏதாவது டைப் செய்து எத்தனை சொல், எத்தனை பிழை என்று எண்ணுங்கள். கடைசியாக, டைப் செய்துகொண்டே மூன்று முறை நடங்கள். ஒவ்வொரு முறையும் புதிய வாக்கியமாக இருக்கட்டும்.

உதாரணமாக, சும்மா நடந்தபோது 7.7 நொடி, டைப் செய்தபோது 10 நொடி என்றால், வேகம் நொடிக்கு 1.3 மீட்டரிலிருந்து 1 மீட்டராகிவிட்டது. 23 சதவீத இழப்பு. டேப்பிலிருந்து எத்தனை முறை விலகினீர்கள் என்று கூட வந்தவரிடம் கேளுங்கள். மூன்று முறை நடந்ததிலும் நேரம் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதையும் பாருங்கள். வேகம் குறையாமல் பிழை மட்டும் கூடியிருந்தால், உங்கள் மூளை நடைக்கு முன்னுரிமை கொடுத்திருக்கிறது. பிழை கூடாமல் நடை மட்டும் கெட்டிருந்தால் போனுக்கு முன்னுரிமை. இரண்டாவது வகையினர்தான் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வயசானவங்க போன்ல பேசிக்கிட்டு நடந்தா என்ன? அவங்க மெசேஜ் எல்லாம் அனுப்புறதில்லையே?

வயதாக ஆக நடை தானாக ஓடும் பங்கு குறைந்து, யோசித்து நடக்கும் பங்கு கூடுகிறது. அதனால் வெறும் பேச்சே பெரிய சுமையாகிவிடும். 1997-ல் ஸ்வீடனில் முதியோர் இல்லங்களில் இருந்த 58 பேரிடம் ஓர் எளிய சோதனை செய்தார்கள். கூட நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். 12 பேர் பதில் சொல்ல நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்திருந்தார்கள். பேசுவதற்காக நிற்பவர் ஒருவகையில் சரியாகத்தான் செய்கிறார். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியவில்லை என்பதை அவர் உடம்பு ஒப்புக்கொள்கிறது.

தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னொரு ஆபத்து. கண்ணாடியின் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது. அதன் வழியே தரையைப் பார்த்தால் படியின் விளிம்பு மங்கும், ஆழம் தவறாகத் தெரியும். போனைப் படித்துவிட்டு அப்படியே கண்ணை மட்டும் தாழ்த்திக் காலை வைக்கக் கூடாது. தலையையே குனிந்து, கண்ணாடியின் மேல்பகுதி வழியே தரையைப் பார்க்க வேண்டும். போன் அடித்தால் ஓடிப்போய் எடுக்க வேண்டாம், நாமே திரும்ப அழைக்கலாம் என்று வீட்டில் ஒரு வழக்கம் இருப்பது நல்லது.

பிள்ளைங்களுக்கு ரிஃப்ளெக்ஸ் நல்லா இருக்கும்தானே?

அனிச்சை நன்றாக இருக்கலாம், கவனத்தைப் பங்கு போடும் திறன் அந்த வயதில் முழுமையடைந்திருக்காது. நடையின் வடிவம் சுமார் 7 வயதில் பெரியவர்களுடையது போல ஆகிவிடுகிறது. ஆனால் ஒன்றை நிறுத்தி இன்னொன்றுக்கு மாறும் கட்டுப்பாடு இருபதுகள் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். வரும் வண்டியின் வேகத்தைக் கணிப்பதும் அவர்களுக்குக் கடினம்.

ராத்திரியில திரை வெளிச்சமே வழி காட்டுதே?

நேர்மாறாக. இருட்டுக்கு முழுதாகப் பழகக் கண்ணுக்கு 20, 30 நிமிடம் தேவை. பிரகாசமான திரையை ஒரு முறை பார்த்தால் அந்தப் பழக்கம் பெரும்பகுதி போய்விடும். நிமிர்ந்து பார்க்கும்போது இருட்டு முன்பைவிடக் கறுப்பாகத் தெரியும். வெளிச்சம் வேண்டுமானால் டார்ச்சை இரண்டு, மூன்று காலடி முன்னால் தரையில் அடியுங்கள், திரையைப் பார்க்காதீர்கள்.

ட்ரெட்மில்லில் போன் பார்க்கலாமா? அங்கே பள்ளமே இல்லையே.

பள்ளம் இல்லை, ஆனால் வேகத்தைக் குறைக்கும் உரிமையும் இல்லை. மேலே சொன்ன தற்காப்பு, அதாவது மெதுவாவது, அங்கே செல்லாது. பட்டை அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், நீங்கள் மெல்ல மெல்லப் பின்னால் போவீர்கள், அல்லது ஓரத்தில் கால் படும். பார்த்தே ஆக வேண்டும் என்றால், போனைக் கையில் பிடிக்காமல் கண் மட்டத்துத் தாங்கியில் வையுங்கள், மெதுவான நடை வேகத்துக்கு மேல் போகாதீர்கள், அவசர நிறுத்தக் கயிற்றை உடையில் மாட்டிக்கொள்ளுங்கள். டைப் செய்ய வேண்டுமென்றால் பட்டையை நிறுத்துங்கள்.

மேப் பார்க்காம தெரியாத இடத்துல எப்படிப் போறது?

கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே முழு வழியையும் ஒரு முறை பாருங்கள். அடுத்த இரண்டு திருப்பங்களை மட்டும் மனதில் வையுங்கள்: "இரண்டாவது இடது, பிறகு பாலம் தாண்டி வலது" என்பது போல. குரல் வழிகாட்டலை ஒரு காதில் போட்டுக்கொள்ளலாம், அதிர்வு மூலம் திருப்பத்தைச் சொல்லும் கைக்கடிகாரம் இருந்தால் இன்னும் நல்லது. அந்த இரண்டு திருப்பமும் முடிந்ததும் ஓரமாக நின்று அடுத்த இரண்டைப் பாருங்கள். நீல அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே நடந்து அது திரும்புகிறதா என்று சோதிப்பதுதான் அதிகம் தவறு நடக்கும் முறை. அம்புக்குறி சில நொடி தாமதமாகத்தான் திரும்பும், அதுவரை கண் அதிலேயே நிற்கும்.

அவசரமா ஒரு பதில் அனுப்பியே ஆகணும். எப்படி?

நில்லுங்கள், ஆனால் இருந்த இடத்தில் நிற்காதீர்கள். திடீரென்று நின்றால் பின்னால் வருபவர் மோதுவார். முதலில் பின்னால் ஒரு பார்வை, பிறகு இரண்டு, மூன்று அடி ஓரமாக, சுவரையோ தூணையோ ஒட்டி. கதவு வாசல், படிக்கட்டின் மேல்முனை, சாலையின் விளிம்பு இந்த மூன்று இடமும் வேண்டாம். நின்று எழுதினால் நடந்துகொண்டே எழுதுவதைவிடப் பிழையும் குறையும், சீக்கிரமும் முடியும்.

அனுப்பியதும் உடனே காலை எடுக்காதீர்கள். போனைப் பையில் வைத்துவிட்டு நிமிர்ந்து, தூரத்தில் ஏதாவது ஒன்றைப் பாருங்கள், இடமும் வலமும் பாருங்கள், அப்புறம் நடங்கள். கண்ணின் குவியம் மாறவும், மனம் உரையாடலிலிருந்து வெளியே வரவும் அந்த இரண்டு, மூன்று நொடி வேண்டும். சாலையைக் கடக்கும் முன் இது கட்டாயம்.

போன்லயே எச்சரிக்கை, தரையிலயே சிக்னல்னு வந்துடுச்சே. அது உதவாதா?

ஓரளவு. கூகுள் 2021-ல் சில ஆண்ட்ராய்டு போன்களில் "ஹெட்ஸ் அப்" என்ற வசதியைக் கொண்டுவந்தது. நடந்துகொண்டே போனைப் பயன்படுத்தினால் நிமிர்ந்து பார்க்கச் சொல்லி அறிவிப்பு வரும். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் 2016-ல் டிராம் பாதைக்குப் பக்கத்தில், குனிந்து வருபவர் கண்ணில் படும்படி, தரையிலேயே சிவப்பு விளக்குகளைப் பதித்தார்கள். ஹவாயின் ஹோனலுலு 2017 அக்டோபர் முதல், சாலையைக் கடக்கும்போது திரையைப் பார்ப்பவர்களுக்கு முதல் தடவை 15 முதல் 35 டாலர் வரை அபராதம் விதிக்கிறது. ஜப்பானின் யமாத்தோ நகரம் 2020 ஜூலையில் பொது இடத்தில் போன் பார்த்துக்கொண்டே நடப்பதைத் தடை செய்தது, அபராதம் வைக்கவில்லை.

இவற்றில் போன் அறிவிப்பு நம் கையில் இருக்கிறது, அதை இயக்கி வையுங்கள். ஆனால் அதுவும் இன்னொரு அறிவிப்புதான். தள்ளிவிடப் பழகிவிட்டால் பயன் போய்விடும்.

எனக்கு முன்னால ஒருத்தர் போன் பார்த்துக்கிட்டே போறாரு. நான் எப்படித் தாண்டிப் போறது?

அவர் நேர்கோட்டில் போகவில்லை என்பதை நினைவில் வையுங்கள். தோளை உரசும் தூரத்தில் தாண்டாமல், குறைந்தது ஒரு கை நீள இடைவெளி விடுங்கள். அவ்வளவு இடம் இல்லையென்றால் பின்னாலேயே இரண்டு அடி தள்ளி வாருங்கள், அவர் எந்த நொடியும் நிற்கலாம். சாதாரணக் குரலில் "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லி, அவர் தலை நிமிர்ந்த பிறகு தாண்டுங்கள். திடீரென்று கத்தினால் எந்தப் பக்கம் என்று பார்க்காமலே துள்ளுவார், அது நீங்கள் வரும் பக்கமாகவும் இருக்கலாம். அவர் சாலையின் விளிம்பை நெருங்கிக்கொண்டிருந்தால் மட்டும் தயங்காதீர்கள்: சத்தமாக "நில்லுங்க" என்று ஒரே சொல், தேவைப்பட்டால் மேல்கையைப் பிடித்துப் பின்னால் இழுங்கள். பையையோ போனையோ பிடித்து இழுக்காதீர்கள், அவர் அதை மீட்கத்தான் பார்ப்பார், கால் தொடர்ந்து முன்னே போகும்.